கட்டளைக்குக் காத்திராத இயந்திரம்: ஜோர்ஜ் லூயிஸும் இலத்திரனியல் இசை வரலாற்றில் விடுபட்ட அத்தியாயமும்

பாரிஸ் நகரின் மையப்பகுதியில், பொம்பிடூ கலாசார நிலையத்துக்கு அருகே, நிலத்துக்கடியில் அமைந்திருக்கிறது இர்காம் என்ற சுருக்கப்பெயரால் அழைக்கப்படும் இசை ஆய்வு நிறுவனம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலெஸின் தலைமையில் 1977 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்நிறுவனம் அரசாங்கத்தின் தாராளமான நிதியுதவியுடன் இயங்கியது. 1980களின் ஆரம்பத்தில் அங்கு கோலோச்சிக் கொண்டிருந்தது 4எக்ஸ் என்ற பெரும் இயந்திரம். இத்தாலியப் பௌதிகவியலாளர் ஜுசெப்பே டி ஜூஞ்ஞோ வடிவமைத்த அந்த இயந்திரத்துக்காகவே பூலெஸ் தமது 'ரெப்போன்' என்ற படைப்பை எழுதியிருந்தார். அங்கு இசையமைப்பாளர் எழுதுவார்; வாத்தியக்காரர் வாசிப்பார்; இயந்திரம் பணிந்து நடக்கும். ஒழுங்கு அத்தகையது.

அதே கட்டிடத்தில் 1984 ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த ஒரு கறுப்பின ட்ரொம்போன் கலைஞர், கடையில் எவரும் வாங்கக்கூடிய மூன்று அப்பிள் 2 கணனிகளை யமஹா டிஎக்ஸ் 7 சிந்தசைசர்களுடன் இணைத்து ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தினார். எழுதப்பட்ட இசைக்குறிப்பு எதுவும் மேடையில் இருக்கவில்லை. கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லி, சக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி, டபிள் பேஸ் வாசிக்கும் ஜோயெல் லியாந்த்ர், காற்று வாத்தியக்காரர் டக்ளஸ் யூவார்ட் ஆகியோர் வாசித்தார்கள். கணனிகள் அவர்களுடைய வாசிப்பைக் கேட்டுத் தாமும் வாசித்தன. எதை வாசிப்பது என்று அவற்றுக்கு அந்த நேரத்தில் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்நிகழ்ச்சிக்கு 'ரெயின்போ ஃபமிலி' என்று பெயர். அதை நடத்தியவர் ஜோர்ஜ் லூயிஸ். அப்போது அவருக்கு வயது 31.

இலத்திரனியல் இசையின் வரலாறு என்றதும் நாம் வழக்கமாக வாசிக்கக் கிடைப்பது ஒரே கதைதான். பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர், ஜேர்மனியின் கொலோன் வானொலியில் ஸ்டொக்ஹவுசன், நியூயோர்க்கில் ஜோன் கேஜ், பின்னர் ரொபேர்ட் மோக் உருவாக்கிய சிந்தசைசர், அதன் பின் ரொக் இசைக்குழுக்கள் என்று அந்தக் கதை நகரும். ஜாஸ் இசைக்கலைஞர்கள் அதில் தலைகாட்டுவது அரிது. தலைகாட்டினாலும், எவரோ கண்டுபிடித்ததைக் கடன் வாங்கியவர்களாகவே வருவார்கள். இந்தக் கதை முழுமையானதல்ல என்பது மட்டுமல்ல, இயந்திரத்தைப் பற்றிய ஒரு முக்கியமான சிந்தனையே அதில் விடுபட்டுப் போய்விட்டது என்பதும் எனது அபிப்பிராயம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே இசையை உருவாக்கும் முறைக்கு நம்மிடம் மனோதர்மம் என்ற அழகான சொல் இருக்கிறது. ஆயினும் கர்நாடக இசையின் மனோதர்மம் இராகம், தாளம் என்ற கரைகளுக்குள் ஓடும் ஆறு. 1960களுக்குப் பிந்திய ஜாஸ் கலைஞர்கள் பலர் கரைகளையும் சேர்த்தே அந்தக் கணத்தில் உருவாக்க முயன்றார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு அச்சொல்லையே நான் இங்கு பயன்படுத்துகிறேன்.

ஜாஸ் இசையில் இயந்திர ஒலி நுழைந்த கதையை சன் ராவிலிருந்து தொடங்குவது நியாயம். அலபாமா மாநிலத்தின் பேமிங்ஹாம் நகரில் 1914 இல் ஹேர்மன் பிளவுண்ட் என்ற பெயருடன் பிறந்து, தாம் சனிக்கிரகத்திலிருந்து வந்தவர் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவருடைய கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். 1956 ஆம் ஆண்டிலேயே சிக்காகோவில் அவர் வூர்லிட்சர் மின் பியானோவை ஒலிப்பதிவில் பயன்படுத்திவிட்டார். அந்த வாத்தியத்தை உலகறியச் செய்த ரே சார்ள்ஸின் புகழ்பெற்ற பாடல் வந்தது 1959 இல்தான். 1965 இல் கிளாவியோலின் என்ற சிறிய மின் வாத்தியத்தைத் தமது நீண்ட கூட்டு வாசிப்புகளுக்கு நடுவே ஊளையிடவும் முனகவும் வைத்தார். 1969 இன் பிற்பகுதியில் நியூயோர்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பேர்க் என்ற சிற்றூரிலிருந்த மோக் தொழிற்சாலைக்கு அவரை அழைத்துச் சென்றவர் நைஜீரியப் பத்திரிகையாளர் டாம் ஃபியோஃபோரி. (பலரும் 'மூக்' என்றே உச்சரிக்கிறார்கள், அந்தப் பொறியியலாளர் தமது பெயரைச் சொன்ன விதம் 'மோக்' என்பதே.) அப்போது சந்தைக்கு வந்திராத மினிமோக்கின் மாதிரி ஒன்று சன் ராவுக்கு இரவலாக வழங்கப்பட்டது. அதிலிருந்து அவர் எழுப்பிய ஒலிகள் எவ்வாறு சாத்தியமாயின என்பது அதை உருவாக்கியவர்களுக்கே புதிராக இருந்ததாம்.

இதே காலப்பகுதியில் வேறு பலரும் இந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். சக்ஸபோன் கலைஞர் கில் மெலே தாமே வடிவமைத்த இலத்திரனியல் கருவிகளுடன் 1968 இல் 'டோம் 6' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பியானோ கலைஞர் போல் பிளேயும் பாடகி அனெட் பீகொக்கும் மோக் சிந்தசைசரை மேடைக்கே கொண்டுவந்தார்கள். லண்டனில் 1965 இல் உருவான ஏஎம்எம் குழுவின் கீத் ரோ, ஜாஸ் குழுவொன்றில் கிட்டார் வாசித்து வந்தவர். கிட்டாரை மேசையில் மல்லாக்கக் கிடத்தி, வானொலிப் பெட்டியின் இரைச்சலையும் அதனுடன் சேர்த்து வாசித்தார். ரோமில் 1966 இல் அமெரிக்க இளைஞர்கள் சிலர் தொடங்கிய எம்ஈவி குழுவில் இருந்த ரிச்சர்ட் டைட்டல்போம், மோக் சிந்தசைசரை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றவர். அவர் பின்னாளில் சிக்காகோவின் அந்தனி பிராக்ஸ்டனுடன் இணைந்து வாசித்தார்.

மைல்ஸ் டேவிஸின் 'பிட்ச்சஸ் புரூ' பற்றியும் ஒரு வார்த்தை. 1969 ஓகஸ்ட் மாதத்தில் மூன்று நாட்கள் நடந்த அந்த வாசிப்பின் நாடாக்களைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப வரச் செய்து 1970 இல் வெளிவந்த இசைத்தட்டாக உருவாக்கினார். அதாவது கலைஞர்கள் கணத்தில் படைத்தார்கள். இயந்திரம் அதைப் பின்னர் தொகுத்தது. பத்திரிகை ஆசிரியபீடத்தில் பணியாற்றியவர்களுக்கு இது பழக்கமான தொழில்தான்.

ஹேர்பி ஹான்கொக்கின் அனுபவம் இன்னும் சுவாரசியமானது. பியானோவில் பேர் பெறுவதற்கு முன்னர் கல்லூரியில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அவர். 1972 இல் வெளிவந்த 'குரொசிங்ஸ்' இசைத்தட்டுக்காக சான் பிரான்சிஸ்கோவில் மோக் சிந்தசைசர் வைத்திருந்த பட்ரிக் கிளீசனை அணுகினார். கிளீசன் ஆங்கில இலக்கியம் கற்பித்த விரிவுரையாளர். கருவியை அவர் ஆயத்தப்படுத்திக் கொடுத்தால் தாம் வாசிக்கலாம் என்பதே ஹான்கொக்கின் எண்ணம். ஆனால் கிளீசன் வாசித்துக் காட்டியதைக் கேட்டதும் அவரையே வாசிக்கச் சொல்லிவிட்டார். பின்னர் குழுவில் ஓர் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார். 1973 இல் வந்த 'செக்ஸ்டன்ட்' விற்பனையில் தோல்வி. அக்குழு கலைந்தது. அதே ஆண்டில் ஹான்கொக் வெளியிட்ட, ஆடத்தக்க தாளக்கட்டுடைய 'ஹெட் ஹன்டர்ஸ்' பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. இன்று கேட்கும்போது 'செக்ஸ்டன்ட்' தான் எதிர்காலத்தைச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பேரிடத்திலும் ஒன்று பொதுவானது. இயந்திரம் எவ்வளவு விநோதமான ஒலியை எழுப்பினாலும் அது ஒரு மனிதரின் கையில் இருந்த கருவியே. அதைக் கருவி என்ற நிலையிலிருந்து சக கலைஞர் என்ற நிலைக்கு நகர்த்த முயன்றதில்தான் லூயிஸின் முக்கியத்துவம் அடங்கியிருக்கிறது.

1952 இல் சிக்காகோவில் பிறந்த லூயிஸ் ஒன்பது வயதில் ட்ரொம்போனைக் கையிலெடுத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தபோது இடையில் ஓராண்டு விடுப்பு எடுத்து ஊர் திரும்பியிருந்த காலத்தில், 1971 இல், ஏஏசிஎம் என்ற சங்கத்தில் சேர்ந்தார். இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. 1965 இல் சிக்காகோவின் தென்பகுதியில் முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் உள்ளிட்ட நால்வர் தொடங்கிய கறுப்பின இசைக்கலைஞர்களின் சங்கம் அது. தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வடக்கே வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளே அதன் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலானோர். சங்கத்தின் நிகழ்ச்சிகளில் தமது சொந்தப் படைப்புகளையே வாசிக்க வேண்டும் என்பது விதி. ஒருவரே பல வாத்தியங்களை வாசிப்பதும், தலைவர் ஒருவர் முன்னே நிற்க மற்றவர்கள் பக்கவாத்தியமாக ஒதுங்கும் வழக்கத்தைக் கைவிடுவதும் அவர்களுடைய பாணி. இந்தப் பாணி பின்னர் ஒரு கணனி நிரலுக்குள் புகுந்தது என்பதே இக்கதையின் மையம்.

லூயிஸ் கணனியைச் சந்தித்தது கலிபோர்னியாவில். அங்கு மில்ஸ் கல்லூரியைச் சுற்றி இயங்கிய இளைஞர்களின் கையில் 1976 இல் வெளிவந்த கிம் 1 என்ற நுண்கணனி இருந்தது. விலை 245 டொலர். உறை கூடக் கிடையாது. வெறும் சுற்றுப்பலகை, எண்களைத் தட்டுவதற்குச் சில பொத்தான்கள், ஆறு இலக்கங்களைக் காட்டும் சிவப்பு விளக்குகள், ஒரு கிலோபைட் நினைவகம். நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் பதிந்து வைப்பார்கள். டேவிட் பேர்மன் என்ற இசையமைப்பாளர் 1977 இல் ஒலிப்பதிவு செய்த ஒரு படைப்பில், புல்லாங்குழலும் பசூனும் குறிப்பிட்ட சில சுரங்களைத் தொட்டபோது கிம் கணனி அவற்றை இனங்கண்டு பின்னணிச் சுரக்கூட்டை மாற்றியது. ஜிம் ஹோர்ட்டன், ஜோன் பிஷொஃப், ரிச் கோல்ட் ஆகியோர் 1978 இல் பல கிம் கணனிகளை ஒன்றோடொன்று இணைத்து அவற்றையே ஒரு வாத்தியக் குழுவாக ஆக்கினார்கள். லூயிஸும் ஒரு கிம் கணனியை வாங்கினார். கவுன்ட் பேஸியின் பெரும் வாத்தியக் குழுவில் 1976 இல் சிறிது காலம் வாசித்திருந்த ட்ரொம்போன் கலைஞர், இரவுகளில் பதினாறின் அடியிலான எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். கறுப்பின ஜாஸ் கலைஞர் ஒருவருக்குக் கணனியில் என்ன வேலை என்ற கேள்வி வெளியிலிருந்து எழுந்தது. இனத்துக்கென்று ஓர் இசையையும் இசைக்கென்று ஒரு கருவியையும் ஒதுக்கி வைக்கும் மனப்போக்கின் கேள்வி அது.

பாரிஸில் அவருக்குக் கிடைத்த சூழலையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1984 இல் இர்காமில் கள ஆய்வு நடத்திய மானிடவியலாளர் ஜோர்ஜினா போர்ன் 1995 இல் அதுபற்றி நூலொன்றை வெளியிட்டார். (இவர் ஹென்றி கவ் என்ற பரிசோதனை ரொக் குழுவில் வாசித்தவர், ஆகவே மேடையின் இரு பக்கங்களையும் அறிந்தவர்.) பெரும் இயந்திரங்களையும் எழுதப்பட்ட இசையையும் உச்சத்தில் வைத்த அந்நிறுவனத்தின் படிநிலையை அந்நூல் விரிவாக விபரிக்கிறது. அந்தப் படிநிலையில் மனோதர்மத்துக்கும் மலிவான நுண்கணனிக்கும் கிடைக்கக்கூடிய இடம் எத்தகையது என்பதை ஊகிப்பது கடினமல்ல. இன்று சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி எந்தக் குடும்பத்தின் வாரிசு, 4எக்ஸினதா அல்லது அப்பிள் 2 இனதா என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்த கட்டம் அம்ஸ்டர்டாமில். ஸ்டைம் என்ற சிறிய இசை ஆய்வுக்கூடத்தில் 1986 இலிருந்து 1988 வரை லூயிஸ் உருவாக்கிய நிரலின் பெயர் 'வொயேஜர்'. ஃபோர்த் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதற்குள் 64 கற்பனை வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு குரலை மாத்திரம் வாசிப்பார். மற்றவருடன் தாளம் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து முதல் ஏழு விநாடிகளுக்கு ஒரு தடவை நிரலின் ஒரு பகுதி விழித்துக்கொண்டு, இந்த 64 பேரில் எத்தனை பேர் சேர்ந்து புதிய குழுவாக வேண்டும், எந்த வாத்தியத்தின் குரலில், எந்தச் சுரவரிசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மௌனம் விட்டு வாசிக்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும். முந்திய குழு கலைந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே ஒரே நேரத்தில் பல குழுக்கள் பல வேகங்களில் வாசித்துக்கொண்டிருக்கும்.

மனிதக் கலைஞர் வாசிப்பது சுர எண்களாக மாற்றப்பட்டு நிரலுக்குள் செல்கிறது. சுரம், உரப்பு, வேகம், இடைவெளி போன்றவற்றின் சராசரிகளை அது கணித்துக்கொண்டே இருக்கும். அதைப் பின்பற்றுவதா, எதிர்த்து வாசிப்பதா, முற்றாகப் பொருட்படுத்தாமல் விடுவதா என்பதையும் நிரலே தீர்மானிக்கிறது. மனிதர் மௌனமானால் வொயேஜர் காத்திருக்காது. தன்பாட்டில் வாசித்துக்கொண்டு போகும். நிறுத்து, மாற்று என்று சைகை காட்டுவதற்கு மேடையில் பொத்தானோ கால்மிதியோ வைக்கப்படவில்லை. அதன் போக்கை மாற்ற விரும்பும் கலைஞருக்கு ஒரு வழிதான் உண்டு. அது கேட்கும்படியாக வாசிக்க வேண்டும்.

தலைவர் இல்லாத குழு, பல குரல்கள் ஒன்றையொன்று அடக்காமல் ஒரே நேரத்தில் ஒலிப்பது, ஒருவரே பல வாத்தியங்களை வாசிப்பது ஆகிய ஏஏசிஎம் பண்புகள் நிரலாகவே எழுதப்பட்டுவிட்டன என்பதை லூயிஸ் மறைக்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதனை வெளிப்படையாகவே விளக்கினார். கணனி நிரல் என்பது பண்பாடற்ற வெறும் கணிதம் அல்ல, எழுதியவரின் சமூகமும் அதனுள் இருக்கிறது என்பது அவருடைய வாதம். இர்காமின் இயந்திரத்திலும் ஒரு சமூகம் இருந்தது. அது தன்னைச் சமூகம் என்று அழைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இங்கு ஒரு மறுப்பையும் நேர்மையாகக் கவனிக்க வேண்டும். வொயேஜர் உண்மையில் கேட்கிறதா? சுரத்தையும் வேகத்தையும் அளக்கும் ஒரு நிரல் துயரத்தைக் கேட்குமா, கிண்டலைக் கேட்குமா? கேட்காது. தற்செயல் எண்களை உற்பத்தி செய்யும் பொறிமுறை அதன் தீர்மானங்களில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆனால் லூயிஸின் அக்கறை வேறு இடத்தில் இருந்தது. எதிரே இருப்பது உணர்வுள்ளதா என்பதல்ல, அதனுடன் வாசிக்கும் மனிதர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அவர் ஆராய்ந்த விடயம். தனக்குக் கீழ்ப்படியாத ஒன்றுடன் சேர்ந்து வாசிக்க நேரும்போது சிலர் எரிச்சலடைகிறார்கள். சிலர் அதைத் துரத்துகிறார்கள். சிலர் கேட்கத் தொடங்குகிறார்கள்.

1993 இல் வெளிவந்த 'வொயேஜர்' இசைத்தட்டில் லூயிஸின் ட்ரொம்போனுடன் ரொஸ்கோ மிச்சலின் சக்ஸபோனும் ஒலிக்கிறது. அக்காலத்துச் சிந்தசைசர்களின் செயற்கைக் குரல்கள் இன்றைய காதுக்குச் சற்று மலிவாகவே படும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மிச்சல் நீண்ட ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க, இயந்திரக் கூட்டம் அவரைச் சுற்றிச் சிதறி ஓடும் இடங்களில் அந்தக் குறை மறந்துபோகிறது.

இனி விடுபட்ட அத்தியாயத்துக்கு வருவோம். 1996 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் லூயிஸ், 1950 இன் பின்னர் மனோதர்ம இசை பற்றி எழுதப்பட்டவற்றைப் பரிசீலித்து, சார்லி பார்க்கரையும் ஜோன் கேஜையும் அருகருகே வைத்துக் கேள்வி எழுப்பினார். இருவரும் இசையின் அடிப்படையையே மாற்ற முயன்றவர்கள். ஆயினும் ஒருவர் பரிசோதனையாளர் என்றும் மற்றவர் ஜாஸ்காரர் என்றும் ஏன் பதிவாகினர்? கேஜ் மனோதர்மத்தையும் ஜாஸையும் மதிக்காதவர் என்பது தெரிந்த விடயம். தற்செயல், நிச்சயமின்மை போன்ற புதிய கலைச்சொற்கள் உருவாக்கப்பட்டதே மனோதர்மம் என்ற சொல்லையும் அதனூடாக வெள்ளையரல்லாதாரின் செல்வாக்கையும் தவிர்ப்பதற்காகத்தான் என்று பிராக்ஸ்டன் குற்றஞ்சாட்டியதையும் லூயிஸ் எடுத்துக்காட்டினார். அந்தச் சொற்களை உருவாக்கிய எல்லோருடைய மனதிலும் அத்தகைய நோக்கம் இருந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் விளைவு அப்படித்தான் அமைந்தது. பத்திரிகைகளின் பங்கும் இதில் குறைந்ததல்ல. ஒரே கலைஞரின் செய்தியை ஜாஸ் பத்தியில் போடுவதா, நவீன இசைப் பத்தியில் போடுவதா என்று ஆசிரியபீடம் எடுக்கும் சிறு தீர்மானங்கள் சேர்ந்துதான் பின்னாளில் வரலாறு ஆகின்றன.

ஆகவே அவர் அந்த வரலாற்றைத் தாமே எழுதினார். 2008 இல் வெளிவந்த அவருடைய ஏஏசிஎம் வரலாற்று நூல், சங்க உறுப்பினர்களுடன் நடத்திய நீண்ட நேர்காணல்களின் அடிப்படையில் அமைந்த பெருநூல். அதற்கு முன்னரே, 2002 இல், அவருக்கு மெக்கார்தர் விருது கிடைத்திருந்தது. 2004 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1984 இன் பாரிஸ் ஒலிப்பதிவு இசைத்தட்டாக வெளிவருவதற்கு மட்டும் 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று செயற்கை நுண்ணறிவு இசையமைக்கிறது என்ற செய்தி நாளாந்தம் வருகிறது. அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவான ஏராளமான பாடல்களை உட்கொண்டு, கேட்பவர் விரும்பிக் கேட்டதைக் கொடுப்பவை. வொயேஜருக்குள் எவருடைய பாடலும் சேமிக்கப்படவில்லை. கேட்டதைக் கொடுக்கும் கடமையும் அதற்கு இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொருத்தமற்றது.

நிரல்களுக்கு ஒரு விசித்திரமான முதுமை உண்டு. ட்ரொம்போன் நூறு ஆண்டுகள் கழித்தும் ஊதினால் ஒலிக்கும். கணனியோ பத்தாண்டுகளில் பழைய இரும்பாகிவிடுகிறது. 1980களின் இயந்திரங்கள் மறைந்தபோது வொயேஜரை இன்னொரு மென்பொருள் சூழலில் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 2004 ஆம் ஆண்டளவில் செயற்கைக் குரல்களை விட்டு, கணனி விசைகளை இயக்கும் டிஸ்க்கிளாவியர் என்ற உண்மையான பியானோவின் மூலம் அது வாசிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் முழு வாத்தியக் குழுவொன்றுடன் நியூயோர்க்கில் வாசித்தது. விரல்கள் இல்லாமல் தாமாகவே தாழ்ந்தெழும் விசைகளின் முன்னே அமர்ந்து முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் அதனுடன் வாசித்திருக்கிறார். 2018 இல் பெர்லினில் நடந்த விழாவொன்றில் லூயிஸும் மிச்சலும் மீண்டும் அதனுடன் மேடையேறினார்கள். அப்போது மிச்சலுக்கு வயது 77, நிரலுக்கு முப்பது.